சீவக் கூடாத நாள்கள்

போன சனிக்கிழமை காலையில் ராமநாதபுரத்தில், எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் பேன் ஷாம்பு ஒன்று வாங்கினேன். என் மகள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தலையைச் சொறிகிறார்கள் என்று டீச்சர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து எனக்கும் தலை அரித்தது. கடையில் நின்ற பெண்ணிடம் மெதுவாகத்தான் கேட்டேன். அவளும் மெதுவாக எடுத்துக் காக்கிக் கவரில் போட்டு, "பொம்பளப் புள்ளயா?" என்றாள். தலையாட்டினேன். ஏதோ ரகசியம் கைமாறியதுபோல் இருந்தது.

எதை வாங்கினாலும் முதலில் தேதியைப் பார்ப்பவள் நான். தயாரித்த மாதம், காலாவதியாகும் மாதம் இரண்டையும் பார்த்துவிட்டு, உள்ளே மடித்து வைத்திருந்த துண்டுக் காகிதத்தைப் பிரித்தேன். புத்தகம் கிடைக்காத வயதில் மளிகைப் பொட்டலம் சுற்றிய தாளைக்கூடப் படித்து வளர்ந்த ஆள், பழக்கம் விடவில்லை. கண்ணில் படக் கூடாது. தலைத்தோலில் புண் இருந்தால் போடக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கூடாது. சொன்ன நிமிஷத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து உயிருள்ள பேன் தென்பட்டால் இன்னொரு முறை. இத்தனையும் படித்து முடித்த பிறகு, ஒன்று விட்டுப்போயிற்றே என்று தோன்றியது. அய்யா கடலில் இருக்கும்போது கூடாது.

அது மருந்துக் கம்பெனிக்குத் தெரிய வழியில்லை. எங்கள் வீட்டு முறை அது.

சின்ன வயதில் அக்காள்மடம் என்ற கடலோர ஊரில், பெரிய ரோட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு மணல் சந்தில் இருந்தோம். அய்யா விசைப்படகில் வலை இழுக்கப் போகிறவர். திங்கள், புதன், சனி காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. அவர் வாசல் இறங்குவதற்கு முன்பே அம்மா எனக்கும் அக்காவுக்கும் சடை பின்னி முடித்துவிடுவாள். அவர் திரும்பி வந்து, கைலி மாற்றி, ஒரு வாய் டீ குடித்த பிறகுதான் வீட்டில் சீப்பை மறுபடி எடுக்கலாம். "கடல்ல ஆளு கெடக்கயில தலைய விரிச்சுப் போட்டு உக்காரக் கூடாது" என்பாள். தலைவிரித்து உட்காருவது எதற்கான கோலம் என்று எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.

பக்கத்து வீடுகளில் இவ்வளவு கண்டிப்பு கிடையாது. வளர்ந்த பிறகு, எங்கள் ஊர்ப் பழக்கங்களை எல்லாம் விசாரித்து எழுதிவைக்கிற பைத்தியம் பிடித்த பிறகு, பலரிடம் கேட்டேன். விளக்கு வைத்த பின் சீவ மாட்டோம் என்றார்கள் சிலர். சிலர் சிரித்தார்கள். இது எந்த வருஷம் தொடங்கியது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்ததில், ஒரே ஒருமுறை பதில் சொன்னாள். அவளுடைய அண்ணன் கடலிலிருந்து திரும்பாமல் போன அன்று, விஷயம் தெரியாமல் அவள் வாசலில் உட்கார்ந்து, முடியை விரித்துப் போட்டு ஈர் எடுத்துக்கொண்டிருந்தாளாம். என்ன தேதி என்று கேட்டேன். தெரியாது என்றாள். எங்கள் இருவர் பிறந்த நேரத்தைக்கூட மணி தவறாமல் சொல்லுகிறவள் அவள்.

இந்த முறையால் லாபமடைந்தவை பேன்கள்தான். அய்யா மீன் பிடிக்கிற நாளில் நாங்கள் பேன் பிடிக்கக் கூடாது என்றால் அவை என்ன செய்யும்? பெருகும். மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் அவற்றுக்குக் கெட்ட காலம். ஏப்ரல் நடுவில் படகுகளைக் கட்டிவிடுவார்கள். அய்யா கரையில் இருப்பார். எந்த நாளும் சீவலாம்.

நான் சொல்ல வருவது அந்தத் தடை நாற்பத்தைந்து நாளாக இருந்த காலத்து வருஷம் ஒன்றை. இப்போது அறுபத்தொரு நாள். எந்த வருஷம் என்று துல்லியமாகக் குறிக்க ஆசைதான். அக்கா ஒரு கணக்குச் சொல்கிறாள், அம்மா இன்னொன்று சொல்கிறாள், இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அக்கா எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள், நான் ஐந்து. அந்தக் கோடையில் தடைக்காலமும் போதவில்லை. புழுக்கத்துக்குச் சந்துப் பிள்ளைகள் எல்லாரும் மணலில் பாய் விரித்து ஒரே வரிசையாகப் படுத்தோம். ஒரு தலையில் துரத்தியது அடுத்த தலையில் ஏறி, ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியது.

என் அக்கா அமலிக்கு ராமநாதபுரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு ஆஸ்டலில் இடம் கிடைத்திருந்தது. சேருகிற அன்றே தலையைப் பார்ப்பார்கள், பேனோ ஈரோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அங்கே படித்த பிள்ளை ஒருத்தி சொல்லிவைத்திருந்தாள். அம்மா யோசிக்கவே இல்லை. மொட்டை என்றாள். வெள்ளோட்டம் எனக்கு. எனக்கு முடியும் அதிகமில்லை, எதிர்ப்பும் அதிகமில்லை. வெயிலில் அம்மிக்கல் மாதிரி மின்னிக்கொண்டு வந்து நின்ற என்னை அக்கா வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு இடுப்பு வரை முடி.

"மொட்டையடிச்சா நான் ஆஸ்டலுக்குப் போக மாட்டேன். நண்டு கம்பெனிக்குப் போறேன்" என்றாள்.

நண்டு கம்பெனி என்பது நண்டை அவித்து ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கிற கொட்டகை. எங்கள் சந்தில் அங்கே போன எந்தப் பெண்ணும் பிறகு பள்ளிக்கூடம் திரும்பியதில்லை.

"போயேன்" என்றாள் அம்மா. "அங்கனயும் தலைக்குத் துணி கட்டித்தான் உக்கார வைப்பாக."

பேச்சு அப்படி இருந்தாலும் அம்மாவுக்குக் கை ஓடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அக்கா சொன்னால் செய்கிறவள். எதிர்வீட்டுப் பெரியம்மா மண்ணெண்ணெய்க் கேனோடு வந்து, "ஒரு செரட்ட தடவிக் கட்டிவிடு, காலையில ஒண்ணு இருக்காது" என்றாள். அய்யா அந்தக் கேனை வாங்கிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். "மதினி, படகுல அடுப்பு தீப்பத்தி ஒருத்தன் வெந்ததப் பாத்தவன் நான். புள்ள தலையில இது வேணாம்" என்றார். மறுநாள் பக்கத்து ஊரான தங்கச்சிமடம் போய் அவரே ஷாம்பு வாங்கி வந்தார்.

இங்கேதான் எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிணறு சவர், வாயில் வைத்தால் உப்பு. சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதில் தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாக ஏதோ மிதக்கும். அம்மா அந்தத் தண்ணீரில் அக்காவின் தலையை நனைத்து ஷாம்புவைப் போட்டாள். நுரை வரவில்லை. "ஏமாத்திப்புட்டான்" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். நுரைத்தால்தான் மருந்து வேலை செய்யும் என்பது சவர்த் தண்ணீர்க்காரர்களின் நம்பிக்கை. இனிப்பான தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு தவறு செய்ய வாய்ப்பே கிடைக்காது. பாட்டில் காலியாயிற்று. அதன்மேல் துண்டை இறுக்கிக் கட்டி, மத்தியானம் வரை இருக்கட்டும் என்று விட்டாள். மத்தியானம் வரை அக்கா தாங்கவில்லை. நகம் கீறிய இடமெல்லாம் எரிய, நெற்றியில் வழிந்தது கண்ணில் இறங்க, கிணற்றடிக்கு ஓடினாள்.

அய்யா அவளைச் சைக்கிளில் வைத்து மருந்துக் கடைக்குக் கூட்டிப் போனார். நான் முன்கம்பியில். கடையை நடத்திய பெண், கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"முழுப் பாட்டிலுமா?"

"நுரை வரலம்மா" என்றார் அய்யா.

"நுரைய யாரு கேட்டா? இது என்ன துணி வெளுக்கவா?" அக்காவின் இமையை விரித்துப் பார்த்து, இன்னும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். நாளைக்கும் எரிந்தால் டாக்டரிடம் போகச் சொன்னார். தோல் ஆறும் வரை எதையும் போடக் கூடாது என்றார். "ஆறுன பெறகு வாங்க, வேற தாரேன். தலையில எண்ணெய் இருக்கக் கூடாது. காதுக்குப் பின்னால, பிடரியில மறக்காமப் போடணும். பாட்டில்ல போட்டுருக்கிற நிமிஷம்தான், அதுக்கு மேல ஒரு நிமிஷம் வேணாம். குனிய வச்சு அலசுங்க, கண்ணுல துணி வச்சுக்கட்டும். மருந்து பேனத்தான் கொல்லும், ஈரு தப்பிச்சிரும். சீப்பப் போட்டு ஒவ்வொரு பிரியா உருவணும். ஏழாம் நாளு இன்னொரு தடவ. அப்பவும் உருவணும். சீவாம விட்டா நீங்க போட்டது வீண்."

அய்யா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். சீவ வேண்டும் என்ற இடத்தில் மட்டும் ஆட்டவில்லை.

தோல் ஆறச் சில நாள் ஆயிற்று. அய்யா நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து சைக்கிளில் குடம் குடமாகக் கொண்டுவந்தார். இம்முறை அளவாக, கடிகாரம் பார்த்து. நுரையும் வந்தது. வெள்ளைத் துண்டில் உதிர்ந்தவற்றை நான் குச்சியால் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேதிப் பைத்தியம் அப்போதே உண்டென்பதால், ஏழாம் நாள் எது என்று காலண்டரில் பார்த்தவளும் நான்தான். பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நின்றேன். ஏழாம் நாள் என்பது தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகிற முதல் நாள். அதற்கு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா ஆஸ்டலுக்குப் போக வேண்டும். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"ஒரு நாள் முன்னாடியே போட்டா என்ன?" என்றாள் அம்மா.

"கடைக்காரப் புள்ள ஏழுன்னு சொல்லுச்சு" என்றார் அய்யா.

"அப்ப மருந்த மட்டும் போட்டு அலசிக் கட்டிருவோம். சீவ வேணாம்."

அக்கா எழுந்து போய், ஆஸ்டலுக்கு வாங்கி வைத்திருந்த தகரப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

தடை முடிந்த முதல் நாள் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வது கஷ்டம். ஒன்றரை மாதம் கடலை யாரும் தொடவில்லை. முதல் பாடு வலை நிறைய மீனாக வரும் என்று கரை முழுக்கப் பேச்சு. ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் வாடை. அன்றைக்கு வராத ஆளின் இடத்தில் வேறு ஆள் ஏறிவிடுவான்; அந்த இடம் திரும்பக் கிடைக்குமா என்பது படகுக்காரர் மனசு.

விடிந்ததும் அய்யாவின் கூட்டாளி வாசலில் வந்து நின்றார்.

"ஏலே சூசை, கெளம்பலயாலே?"

"நான் வரல. நீ போ."

"மொத நாளுலே. மேலுக்கு முடியலயா?"

"வீட்டுல வேலை கெடக்கு."

"அப்புடி என்னலே வேலை?"

அய்யா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாது. "பேன் பாக்கணும்" என்றார்.

கூட்டாளி சிரித்த சிரிப்பு சந்து திரும்பும் வரை கேட்டது. அன்று தொடங்கி அய்யாவுக்குக் கரையில் 'பேன் சூசை' என்று பெயர். கடைசி வரை அது போகவில்லை.

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. "என்னத்துக்கு இப்புடிச் செய்யிறீக?" என்றாள். அவர் பழைய மீன் பெட்டி ஒன்றை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நான்தான் இங்கன இருக்கேன்ல. இப்பச் சீவு" என்றார். அந்த முறை தப்பு, மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்து அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"கடல் பக்கம் போயிறாதீக" என்றாள் அம்மா. "கால நனைக்காதீக."

"ஒண்ணுக்குப் போகலாமா?"

"கொல்லைக்குப் போங்க. செருப்பப் போட்டுக்கங்க."

மருந்து போட்டு, அலசி, துவட்டி, அம்மா அக்காவின் முடியை விரித்தாள். படகுகளின் இன்ஜின் சத்தம் தெற்கே ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேய்ந்தது. அம்மா சீப்பை எடுத்தாள். ஒரு பிரி எடுப்பாள், சீப்பை வேரிலிருந்து நுனி வரை இழுப்பாள், துணியில் துடைப்பாள், தலையைத் தூக்காமலே கேட்பாள்.

"இருக்கீகளா?"

"இங்கனதான் இருக்கேன்."

அடுத்த பிரி.

"இருக்கீகளா?"

"இருக்கேன், இருக்கேன். ஒன் வேலையப் பாரு."

பெட்டியின் மேல் உட்கார்ந்தே அவர் கஞ்சி குடித்தார். கால் மரத்துப்போய் மாற்றி மாற்றி உட்கார்ந்தார். உச்சி வெயிலுக்கு நான் போய் அவர் தலையில் துண்டைப் போட்டேன். அம்மா கடைசிப் பிரியை உருவி, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் இறங்கினார். அக்கா எழுந்து, கொடியில் கிடந்த துணிகளை மடித்துப் பெட்டியில் திரும்ப வைத்தாள்.

ஆஸ்டலில் ஒரு சிஸ்டர், பென்சில் முனையால் அக்காவின் முடியை அங்கங்கே பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ள போ" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் அவள் இன்றைக்கு வேலூரில் நர்ஸாக இருப்பது வரைக்கும் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். படகுக்காரர் அய்யாவைச் சில வாரம் காத்திருக்க வைத்துவிட்டுத்தான் மறுபடி ஏற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை ஷாம்பு வாங்கியதும் அக்காவுக்குத்தான் போன் போட்டேன். முதல் கேள்வியாக, "தண்ணி சவரா, நல்ல தண்ணியா?" என்றாள். இப்போது கேன் தண்ணீர் வீட்டுக்கே வருகிறது. எங்கள் சந்துக் கிணற்றை மூடிவிட்டார்கள். ஸ்டவ்வும் மண்ணெண்ணெய்க் கேனும் எந்த வீட்டிலும் கண்ணில் படுவதில்லை. அய்யா போய்ச் சில வருஷம் ஆகிறது. கடலில் இல்லை, கட்டிலில், தூக்கத்தில். அந்தத் தேதி எனக்குத் தெரியும்.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறாள். மகளின் தலையை அலசித் துவட்டி, ஹாலில் உட்கார வைத்து, முடியை விரித்தேன். அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"இன்னைக்குச் சனிக்கெழமையில்ல?"

"ஆமா."

"கடல்ல யாரு?"

"யாரும் இல்லம்மா."

அம்மா என் கையிலிருந்து சீப்பை வாங்கிக்கொண்டு, பேத்திக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் கைக்கு வேலை மறக்கவில்லை. ஒரு பிரி எடுத்தாள். வேரிலிருந்து நுனி வரை இழுத்தாள். துணியில் துடைத்தாள். அடுத்த பிரியை எடுப்பதற்கு முன், தலையைத் தூக்காமல், பதிலுக்குக் காத்திருக்கிறவள்போல் சீப்பைச் சற்று நிறுத்தினாள்.