வேலின் முனை

போன தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுத்தேன். அலகைக் கழற்றியதும் திருநீற்றை அப்பினார்கள். புண் தழும்பில்லாமல் ஆறியது. அதனால், சுங்கைப்பட்டாணி டவுனில் ஒரு கடையில் முன்கையில் வேல் பச்சை குத்திக்கொண்டபோது, கடைக்காரர் தந்த களிம்பை நான் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் திருநீற்றைப் பூசினேன். மறுநாளே, நான் வேலை செய்யும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலைகளை லாரியில் ஏற்றப் போய்விட்டேன்.

சில நாளில் கை வீங்கிச் சீழ் வைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் கையைக் கிழிக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் கிளினிக் டாக்டர். திரும்பும் வழியில், கார் ஓட்டிய மனைவியிடம் புலம்பினேன்.

“அலகு குத்துனப்ப ஒண்ணும் ஆகலையே லா. அதே திருநீறுதானே?”

“அப்ப விரதம்னு ரெண்டு வேளை குளிச்சீங்க, துவைச்ச துணி போட்டீங்க, புண்ணு ஆறுற வரைக்கும் லீவு எடுத்தீங்க. இப்ப பச்சைப் புண்ணோட குலை தூக்குனீங்க. உடம்பப் பாத்துக்கிட்டது நீங்க லா, பேரு மட்டும் திருநீறுக்கு.”

அன்று மாலை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, களிம்பு தடவி, வேலைக்கு லீவு சொன்னேன்.

கை ஆறிவிட்டது. பொருக்கோடு மையும் உதிர்ந்ததால் வேலின் முனை மட்டும் மங்கல். ஏன் என்று கேட்பவர்களிடம், இதைக் குத்தியபோது நான் விரதம் இருக்கவில்லை என்கிறேன்.