புறங்கையால் தொட்ட ஆறு

நான் இதுவரை அடித்த சவடால்களில் மிகவும் வெட்கப்பட வேண்டியது, பாபநாசம் அணையின் மின் நிலையத்துக்குள் போக அனுமதி வாங்கிவிட்டேன் என்று மாமனாரிடம் சொன்னதுதான். வாங்கவில்லை. யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாது. பத்திரிகையில் நாலு நகைச்சுவைக் கட்டுரை எழுதியவன் போய் நின்றால் எந்தக் கேட்டும் தானாகத் திறக்கும் என்று, தலை நரைத்த பிறகும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமனார் சிங்கம்புணரிப் பக்கம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மழை வந்தால் ஊர் வீட்டுக்குள் ஓடும். அவர் கம்பத்தில் ஏறப் போவார். கண்மாயை நம்பிப் பிழைக்கிற எங்கள் சீமையில், தண்ணீர் விழுந்து கரண்டு உண்டாகிறது என்பதே கேள்விப்பட்ட சங்கதிதான். "வீடு வீடாக் கரண்டக் கொண்டுபோயி விட்டிருக்கேன் மாப்ள. அது பொறக்குற எடத்த ஒருதரம் பாத்துட்டாப் போதும்" என்பார். நெஞ்சில் இரண்டாவது முறை அடைப்பு வந்து அவர் மீண்ட பிறகு, இனித் தள்ளிப்போடக் கூடாது என்று எனக்கே உறைத்தது.

காரைக்குடியிலிருந்து விடிந்ததும் கிளம்பினோம். பழைய காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வயிற்றுப் பக்கத்துப் பித்தான் மட்டும் ஒத்துழைக்கவில்லை. மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரிந்ததும் காரை நிறுத்தச் சொல்லி, சம்பந்தி வீட்டுக்குள் நுழையப் போகிறவர்போல் தலையைச் சீவிக்கொண்டார்.

"லெட்டர் இல்லாம உள்ள விட முடியாதுல்லா சார்" என்றார் கேட்டில் இருந்த காவலாளி. நான் குரலைத் தாழ்த்தி, எழுத்தாளர் என்றேன்.

"பத்திரம் எழுதுதியளா?" என்று அவர் மரியாதையாகக் கேட்டார்.

வேறு வழியில்லாமல் போனை எடுத்தேன். சிக்னல் இல்லாத போனில், இல்லாத ஒரு அதிகாரியிடம் ஐந்து நிமிடம் பேசினேன். "அப்படியா சார், மறந்துட்டீங்களா சார்" என்று சிரிக்கக்கூடச் செய்தேன். காக்கிச் சட்டையோடு மாமனார் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"விடுங்க மாப்ள. மெசினு ஓடுற எடத்துல வேத்தாள விட்டா அவரு என்ன வாட்ச்மேனு?" என்றார். காவலாளிக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு அந்தக் கேட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் அகஸ்தியர் அருவி இருக்கிறது, குளிக்கலாம் என்று உளறினேன். கடையில் அல்வா பார்த்து ஏமாந்த பிள்ளைக்கு மிட்டாய் நீட்டுகிற மாதிரி எனக்கே இருந்தது.

"ஆத்துக்குப் போவம்" என்றார்.

கோயில் படித்துறையில் சனங்கள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கடைசிப் படியில் குந்தி, தண்ணீரைப் புறங்கையால் தொட்டார். லைன்மேன்கள் எதையும் அப்படித்தான் தொடுவார்களாம்; உள்ளங்கையால் தொட்டு, கரண்டு இருந்துவிட்டால் கை பிடித்துக்கொள்ளும், விடாது. காப்பி டம்ளரையும் அப்படித்தான் தொடுவார். என் மகள் பிறந்தபோது அவள் கன்னத்தையும் அப்படித்தான் முதலில் தொட்டார். இப்போது மெல்லக் கையைத் திருப்பி, முழங்கை வரை ஆற்றுக்குள் விட்டார்.

"சக்கரத்தச் சுத்திப்புட்டு வர்ற தண்ணி மாப்ள. கரண்டு அங்குட்டுப் போயிருச்சு, குளுமை இங்குட்டு வந்துருச்சு."

"மாமா, நான் அனுமதியே..." என்று ஆரம்பித்தேன்.

"படி வழுக்கும், பாத்து எறங்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "மெசினப் பாத்தீகளா?" என்று கேட்டார். "மாப்ள உள்ளயே கூட்டிப்போயிக் காமிச்சாரு. பெரிய மெசினு" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார். பார்க்காத கம்பத்தைப் பார்த்ததாக ஒருநாளும் எழுதிக் கொடுக்காத மனிதர். நான் தாகமில்லாமலே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த வருடம் போய்விட்டார். அவருடைய முதல் திதி முடிந்த மத்தியானம், அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்காக அவர் சொன்ன ஒரே பொய் அது என்றேன். அத்தை வாழையிலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு டிரான்ஸ்பார்மரப் பாத்துட்டு வந்தாலே மூணு நாளைக்கு வாய் ஓயாது அந்த மனுசனுக்கு. அன்னைக்கு ரெண்டே வார்த்தையில முடிச்சாரு. ஒங்கள கேட்டுலயே நிப்பாட்டிட்டாகன்னு எனக்கு அப்பவே தெரியும். சாப்புட வாங்க."