பந்து பறிபோனபோது பக்கத்தில் நின்றது யார்?

சென்ற அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, நார்வேயில் நான் இருக்கும் ஸ்தவாங்கரிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் போனேன். அருவி, பனிமலை, படகுச் சவாரி என்று தேடி வந்தவர்கள் இங்கேயே மூடிவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் போனது ஒரு சின்னக் கல்லூரியின் கால்பந்து அணி பிழைக்குமா சாகுமா என்று பார்க்க. அதன் தலைமைப் பயிற்சியாளர் ரஜீவன் என் நண்பன். சனிக்கிழமை ஆட்டத்தில் டிரா செய்தால்கூட ஆறாம் டிவிஷனில் தங்கிவிடலாம். தோற்றால் கீழிறக்கம். அப்படி இறங்கினால் அணியையே கலைத்துவிடுவோம் என்று கல்லூரி அவனுக்குக் கடிதம் கொடுத்திருந்தது.

காலை 6.10 ரயில். தூரம் அறுநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, எட்டு மணி நேரப் பயணம். மூன்று வாரம் முன்பே வாங்கியதால் சீட்டு 599 குரோனர். விமானத்தில் ஐம்பது நிமிடம்தான், ஆனால் அன்றைக்கு மூன்று மடங்கு விலை சொன்னார்கள். வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள், முதல் ஒரு மணி நேரம் கடல் கூடவே வரும். நான் பார்த்தேனா என்றால், இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு ரஜீவன் முன்னால் போய் நிற்பது என்று யோசித்தே எட்டு மணி நேரத்தையும் ஓட்டினேன்.

விஷயம் இதுதான். மதுரையிலிருந்து வந்து ஒஸ்லோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த காலத்தில், இரண்டு சீசன் அவனுக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். சம்பளம் கிடையாது, குளிர்தான் உண்டு. ஆறு வருடம் முன்பு ஸ்தவாங்கரில் நல்ல வேலை கிடைத்ததும், ஒரே ஒரு வருடம், திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அதன் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் போன் செய்வான். ஒஸ்லோவில் ஆள் எடுக்கிற கம்பெனிகளின் விவரம்கூடத் தேடி அனுப்புவான். அடுத்த சீசன் கண்டிப்பாக வருகிறேன் மச்சி என்பேன். ஆட்டம் நடந்த வருட ஜனவரியில் அவன் போன் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது.

ரயில் இருபது நிமிடம் தாமதம், 2.34க்கு இறங்கினேன். அங்கிருந்து மூன்றாம் எண் சுரங்க ரயிலில் கடைசி நிறுத்தம் மோர்டென்ஸ்ருட், இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ரஜீவன் ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் வந்து வளர்ந்தது இந்த அடுக்குமாடிகளில்தான். இருபத்து மூன்று வயதில் முழங்கால் போய் ஆட்டம் நின்றது. கைக்காசைப் போட்டுப் பயிற்சியாளர் படிப்பு முடித்தான். பதினொரு வருடமாகக் காலையில் முதியோர் இல்லச் சமையலறை, மாலையில் கல்லூரி மைதானம். எனக்குப் பிறகு உதவிக்கு வந்த ஒருவரும் இரண்டு மாதம் தாங்கவில்லை. மருந்துப் பெட்டி தூக்குவதிலிருந்து ஜெர்சி துவைப்பது வரை அவனேதான்.

அவனுடைய தத்துவம் கேட்க ரொம்பச் சின்னது. அன்று மாலை அவன் வீட்டில், துவைத்த ஜெர்சிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது மறுபடி சொன்னான். “பந்தை விட்டவனை எல்லாரும் பார்க்கினம். அவனுக்குப் பக்கத்திலை நிக்க வேண்டியவன் எங்கை போனவன் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.”

அதனால் அவன் அணியில் ஒரு வழக்கம். கோல் வாங்கிய ஆட்டம் முடிந்ததும், உடைமாற்றும் அறையில், பந்தை இழந்தவனுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவர்கள் தாங்களாகவே கை தூக்க வேண்டும். திட்டு இல்லை, தண்டனை இல்லை. இதை வைத்துக்கொண்டு பதினொரு வருடத்தில் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. ஆனால் அவன் பையன்கள் ஒருவரையொருவர் வைது நான் கேட்டதும் இல்லை.

நான் மட்டும் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன். புட்டு ஆறுது, சாப்பிடு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

சனிக்கிழமை ஆட்டம் ஹவுகன்ஸ்டுவாவில், மதியம் இரண்டு மணிக்கு. ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் பதினைந்து நிமிடம், பிறகு ஒன்பது நிமிட நடை. நாலு டிகிரி, தூறல். பார்க்க வந்தவர்களை எண்ணினேன், என்னையும் சேர்த்து இருபத்து மூன்று பேர். இடைவேளைக்கு முன் எதிரணி ஒரு கோல் போட்டது. அறுபதாவது நிமிடத்தில் நம் பையன்கள் திருப்பிப் போட்டார்கள். 1–1. அப்படியே முடிந்தால் போதும்.

எண்பத்தாறாவது நிமிடம். யோனாஸ் என்கிற தடுப்பாட்டக்காரனிடம் பந்து. இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். எல்லோரும் களைத்துப்போய் எங்கெங்கோ நின்றார்கள். அடித்து வெளியே தள்ளித் தொலைடா என்று நான் தமிழில் கத்தினேன். பந்து பறிபோனது. கோல். யோனாஸ் புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ரஜீவன் மைதானத்தைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைத்தான் ஒரு நொடி பார்த்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. 2–1 என்று முடிந்தது. பதினொரு வருடமும் அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. போகிறவர்களுக்குத் தேவையானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகர எல்லைக்குள் சுரங்க ரயிலுக்கும் உள்ளூர் ரயிலுக்கும் ஒரே சீட்டுதான், நாற்பது குரோனர் சொச்சம், செல்பேசியிலேயே வாங்கலாம். இந்த மாதிரி ஆட்டங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உட்கார இடமும் இல்லை, செயற்கைப் புல்லின் ஈரம் காலணிக்குள் ஏறும், இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை போடுங்கள். காபி ஃபிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். அக்டோபருக்குள் சீசன் முடிந்துவிடும், பிறகு போய்ப் பயனில்லை. அடுத்த வருடம் இந்த அணியைத் தேடியும் போகாதீர்கள், இருக்காது.

சரி, அந்த அறை. பதினான்கு பையன்கள், யாரும் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. ரஜீவன் வழக்கம்போல நார்வேஜிய மொழியில், குரலை உயர்த்தாமல் கேட்டான், யோனாஸுக்குப் பக்கத்தில் யார் நின்றிருக்க வேண்டும் என்று. இனி அடுத்த ஆட்டம் என்று ஒன்று இல்லை. ஆனாலும் கேட்டான். மூன்று கைகள் உயர்ந்தன. நாலாவதாக அவனே தன் கையைத் தூக்கினான்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். ஆறு ஜனவரி மாதங்களையும் எண்ணிப் பார்த்தேன். நானும் கையைத் தூக்கினேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பையன்களுக்குப் புரியாத தமிழில், வெகு மரியாதையாக, மெதுவாகச் சொன்னான்.

“நீ விருந்தாளி, மச்சான். கையை இறக்கு.”

இறக்கினேன்.