கட்-அவுட்டைக் கழற்றிய ஹீட்டர்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். இது சத்தியமாக என் தங்கை வீட்டில் நடந்தது. தங்கை புருஷன், அதாவது எங்கள் மாப்பிள்ளை, வாய்ச்சவடால் ஆசாமிதான். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் பாதியிலேயே எழுந்து வாய் கொப்பளிக்கப் போய்விடுவார்.

மாப்பிள்ளைக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் எது பழுதானாலும் தானே பிரித்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிடுவது அவருக்கு மானப் பிரச்சினை. அப்போது தங்கைக்குக் குறைமாசத்தில் பிள்ளை பிறந்திருந்தது. எலிக்குஞ்சு மாதிரி இருக்கும். உடம்பு சில்லிட்டால் பிழைக்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியே பல் கிட்டிக்கும் குளிர். பழைய சாமான் கடையிலிருந்து, விசிறி வைத்த சின்ன ஹீட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார் மாப்பிள்ளை.

சாயங்காலம் போட்டதுமே ஒரு நாற்றம்.

"ஏங்க, முடி கருகுற மாதிரி இல்ல?"

"முதல்ல அப்படித்தான் வரும். தூசி."

சொல்லி வாய் மூடவில்லை. டக். ஹீட்டர் தானாக நின்றுவிட்டது.

மாப்பிள்ளை பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றினார். விசிறி முழுக்க முடி. நீளமான முடி, எண்ணெய்ப் பிசுக்கோடு இறுகச் சுற்றியிருந்தது. குறட்டால் பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருந்தது. வேர்களில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவினார்.

மாட்டினார். ஓடியது. அறை கொஞ்சம் சூடேறியதும் மறுபடி அதே நாற்றம்... டக்.

மறுபடி பிரித்தார். மறுபடி முடி. இந்தத் தடவை ஈரமாக இருந்தது.

"பிள்ளை பெத்தவளுக்கு முடி கொட்டும்னு சொல்வாங்க. எல்லாம் உன்னோடதுதான்" என்றார் மாப்பிள்ளை.

தங்கைக்கு வந்ததே கோபம்! தோள்வரைக்கும் இருந்த தன் முடியை இழுத்துக் காட்டினாள். "என் தலையைப் பாருங்க. இவ்வளவு நீளமா இருக்கு? சீ, அந்தச் சனியனைத் தூக்கி வெளியே போடுங்க!"

போட்டுவிடலாம். ஆனால் பிள்ளையின் பாதம் அதற்குள் ஜில்லென்று ஆகிவிட்டது. வேறு ஹீட்டருக்கு அந்த நேரத்தில் எங்கே போவது?

மூன்றாவது தடவை பிரித்தபோது, சூடேறும் காயில் கம்பிக்குப் பக்கத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தார். நகம். அடியில் சதையோடு.

வாஷ்பேசினுக்கு ஓடினார்.

திரும்பி வந்தவருக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்துவதற்கென்று உள்ளே கட்-அவுட் என்று ஒரு சின்ன வில்லை இருக்கும். அதுதானே நிறுத்தித் தொலைக்கிறது? அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிட்டார். எந்த மெக்கானிக்கும் செய்யத் துணியாத காரியம்.

ஹீட்டர் நிற்கவே இல்லை. நாற்றமும் இல்லை. பிள்ளையின் பாதம் வெதுவெதுப்பானது. அசதியில் இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள்.

விடிந்தது. அறையில் கருகல் வாடை. பிள்ளையின் போர்வை நழுவி ஹீட்டர் முகப்பில் கிடந்தது. ஓரம் கரியாகியிருந்தது...

பிளக் தரையில் கிடந்தது.

"நீயா பிடுங்கினே?"

"நான் எழுந்திருக்கவே இல்லையே..."

பிளக் கம்பிகளில் முடி சுற்றியிருந்தது.

தங்கை பிள்ளையை வாரி எடுத்தாள். நல்ல தூக்கம். மூச்சு சீராக இருந்தது. வயிறு கும்மென்று இருந்தது.

"ராத்திரி பாலுக்கே அழலையேங்க..."

கடைவாயில் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. சாம்பல் நிறத்தில். அவள் முகர்ந்து பார்த்தாள்.

பாலேதான். கருகிய பால்.

மாப்பிள்ளை ஹீட்டரைச் சாக்கில் சுற்றி நேராகக் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டார்.

"யார் வீட்டுதுய்யா இது?"

கடைக்காரர் மென்று விழுங்கினார். "ஒரு அம்மா, சார். ஹீட்டர் பக்கத்துல படுத்திருந்தாங்க. முடியில பத்திக்கிச்சு, ஆளே போய்ட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் கட்-அவுட்டை எடுத்துட்டு நேரா ஜாயின்ட் போட்டிருந்தாராம். நான்தான் அப்புறம் புதுசு மாட்டினேன்."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் போன் அடித்தது. தங்கை அழுதாள்.

"பிள்ளை என்கிட்ட பால் குடிக்க மாட்டேங்குதுங்க. ஹீட்டர் இருந்த இடத்தையே பார்த்துப் பார்த்து அழுவுது..."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கடைக்காரரிடம் கேட்டார்.

"அந்த அம்மாவுக்குக் குழந்தை..?"

"எங்க சார்... நிறைமாசம். இன்னைக்கோ நாளைக்கோன்னு இருந்தாங்களாம்."