உருகாத பனிச்சறுக்கு வீரன்

எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு முன் நல்ல நேரம் பார்த்துத் தாலிக்குப் பொன் உருக்குவார்கள். அதற்கு ஒரு பொற்காசு வேண்டும். என் தாய்மாமாவின் கலியாணத்துக்கு அந்தக் காசு அண்டோரா என்கிற எள்ளளவு நாட்டிலிருந்து வந்தது. அந்நாட்டின் பனி விளையாட்டுகளைக் கொண்டாட அடித்த நினைவுக் காசு. ஒரு வீரன் முழங்காலை மடக்கிச் சறுக்கிக்கொண்டு வருவான்.

“எல்லாரும் காசில இருக்கிற ராணியின்ர தலையைத்தான் உருக்கினம். நான் அப்பிடியே?” என்றார் மாமா.

எனக்கு எட்டு வயது. அந்த வீரனை நெருப்பில் போடப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “அவர் பாவம் அம்மா” என்று கெஞ்சிக்கொண்டே திரிந்தேன்.

“விசர்க் கதை கதையாதை” என்றார் அம்மா.

வீட்டுக்குள் உருக்கினால் புகை மணி அலறும். அதனால் ரூஜ் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கராஜில், கதவைப் பாதி திறந்து கும்பம் வைத்தார்கள். பட்டுச்சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டபடி பெண்வீட்டார் வந்து இருந்துவிட்டார்கள். நல்ல நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

காசை வெட்டவென்று வீட்டுக்குள்ளே குசினிக்குக் கொண்டுபோன நகைக்கார அண்ணை, கல்லில் உரைத்துப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன்.

“தங்கச்சி, உது வெள்ளி. மேலே முலாம்.”

அம்மா சுவரைப் பிடித்தார். “ஐயோ, தம்பிக்குத் தெரியாது அண்ணை. பொம்பிளை வீட்டாருக்கு முன்னால தலைகுனிஞ்சு போவான்.”

தானாடாவிட்டாலும் தசை ஆடும் என்பார்கள். ஊரிலிருந்து அம்மா போட்டுக்கொண்டு வந்தது ஒரேயொரு தங்கக் காப்பு. சவுக்காரம் பூசி அதை இழுத்துக் கழற்றினார்.

“வெட்டினாப் பிறகு காசெது, காப்பெது?” என்ற அண்ணை பெருமூச்சு விட்டார். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் எண்டு சும்மாவே சொன்னவை?”

அம்மா காசை என் கைக்குள் வைத்தார். “ஒளிச்சு வை. மாமாட்டை மூச்சும் விடக்கூடாது.”

என் கெஞ்சலுக்கு அம்மா இரங்கிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோசம், புளுகம். ஆனாலும் சட்டைப் பையைப் பொத்திய கையை எடுக்கவில்லை. யாராவது கண்டுவிட்டால்?

கராஜில் பொன் உருகியது. மாமா எட்டிப் பார்த்து, “என்ர வீரன் உருகிப் போயிட்டான்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் தகப்பன், “நல்ல நிறம்” என்று தலையாட்டினார்.

அம்மா மட்டும் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணால் நீர் வழிந்தது.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கிட்டப் போய் அவர் காதுக்குள் சொன்னேன்: “அழாதேங்கோ அம்மா. அவர் என்னட்டைப் பத்திரமா இருக்கிறார்.”