கறை படாத மழைக்கோட்டு

1. நான் வைத்த கையெழுத்து

லிங்கநகரில் இருந்த ஒரு சிறிய தையல் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவளாக இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். சிறுபிள்ளைகளின் மழைக்கோட்டுகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். வாங்குபவர் ஒருவர்தான். அவர் கைவிட்டால் நாற்பது பெண்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ஒருமுறை அவருடைய மாநிலத்தில் புதுச் சட்டம் வந்தது. தண்ணீர் ஒட்டாமலிருக்கத் துணியில் பூசும் புளோரின் மருந்து மண்ணிலும் உடம்பிலும் அழியாமல் தங்கிவிடும் என்பதால், அது பூசிய உடுப்பு இனி அங்கே விற்கக்கூடாது. புளோரின் இல்லை என்ற சேர்ட்டிபிக்கற்றோடு எங்களுக்குப் புதுத் துணி ரோல்கள் வந்தன. அதில் தைத்த முதல் லொட் கோட்டுகளில் ஒருநாள் காலை தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். முத்து முத்தாக உருண்டது. ரிப்போர்ட்டில் ‘பாஸ்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

2. ரஸீனாவின் மேசை

மெசினில் இருந்து ஒயில் சொட்டுவது எங்கள் தலைவிதி. அந்தக் கறையை எடுப்பதுதான் கிண்ணியாவிலிருந்து வரும் ரஸீனாவின் வேலை. அன்று மத்தியானம் அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். சும்மா இருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஏசப் போனேன்.

“வேலை வந்தாத்தானே மிஸ் செய்யலாம். ஒயில் சொட்டுது, ஆனா துணி குடிக்குதில்ல. துண்டால தொட்டாப் போகுது.”

நல்ல துணி என்று சந்தோஷப்பட்டேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் நின்றேன். புளோரின் இல்லாத பூச்சு தண்ணீரைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். கறையைக் குறை என்றே பார்த்துப் பழகிய கண், கறை இல்லாததைக் கேள்வி கேட்கவில்லை. ஒரு வெட்டுத்துண்டில் தேங்காயெண்ணெய் விட்டேன். அதுவும் உருண்டது.

ரிப்போர்ட்டோடு மனேஜரிடம் ஓடினேன். மறுநாள் காலை கொன்டெய்னர் புறப்பட இருந்தது.

“காலையில நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?”

“ஓம், வைச்சனான். என்ர பிழை. இப்ப வெட்டுறன்.”

அவர் முன்னாலேயே குறுக்கே கோடிழுத்து, காரணத்தையும் எழுதினேன். சேர்ட்டிபிக்கற் இருக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். பிள்ளைகள் சட்டைக்கையைச் சப்புவார்கள், உங்கள் மகளும் சப்புகிறவள்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் தானே வாங்குபவருக்கு அழைப்பு எடுத்து, துணியைச் சோதிக்க லாப்புக்கு அனுப்புகிறோம், சரக்குப் பிந்தும் என்றார்.

முடிவு வரும்வரை சில பெண்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களில் பிழையில்லை, எனக்கும் பயம்தான். லாப்பின் பதிலில் புளோரின் இருந்தது. துணி ஆலை பழைய ரோல்களைப் புதுக் கடதாசியோடு தள்ளிவிட்டிருந்தது.

வாங்குபவர் நான் வெட்டிய ரிப்போர்ட்டின் பிரதியைக் கேட்டு வாங்கினார். இப்படி ஒரு தாளை எந்தத் தொழிற்சாலையும் தனக்கு அனுப்பியதில்லை என்று சொல்லி, அடுத்த வருட ஓடரையும் எங்களுக்கே தந்தார். தரம் பார்க்கும் வேலைக்கு வந்திருக்கும் தங்கச்சிமாரே, பிழையான கையெழுத்தை வெட்ட வெட்கப்படாதீர்கள். நான் வைத்த ஆயிரம் கையெழுத்தில் நாற்பது பேருக்குச் சோறு போட்டது, வெட்டிய அந்த ஒன்றுதான்.