தோராவின் குரல்

வால்டிமரைப் போல வீம்பு பிடித்த ஆள் கனடாவின் ஏரிக்கரை ஊரான எங்கள் கிம்லியில் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியே தலை நரைத்தவர். ஒரு பிள்ளையையும் பெயர் மாற்றிக் கூப்பிட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் காபிக் கடையில் என்னைப் பார்த்து, "சார், ஊருக்குப் புதுசா?" என்றார். காலமெல்லாம் அவர் பக்கத்து வீட்டுக்காரன் நான். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துத் தொலைத்தேன்.

வின்னிபெக்கில் நர்ஸாக இருக்கும் அவர் மகள் தோரா, அவர் மறதி நோய்க்கு டாக்டர் சொன்னபடி மூளைப் பயிற்சி போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். திரையில் முகம் வரும், பெயர் சொல்ல வேண்டும். பறவை பறக்கும், எந்தப் பக்கம் போனது என்று தொட வேண்டும். வால்டிமர் மறுநாளே மூடிவிட்டார்.

"சின்னப் பசங்க விளையாட்டுடா இது. இதுக்கு மீன்வலையில முடிச்சுப் போடலாம்."

"போடு போடு. போட்டு உன் காலையே கட்டிக்குவ," என்றேன்.

எல்லாம் செய்து பார்த்தோம். காலைக் காபியோடு சேர்த்து உட்கார வைத்தோம். பயிற்சிகளை எளிதாக்கினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுமென்றே தோற்றேன். அதற்கு மட்டும் சிரிப்பார், நான் எழுந்ததும் மூடிவிடுவார். கடைசியில் அந்தக் கம்ப்யூட்டரைக் கொடுத்த பயிற்சி மையத்துப் பெண்தான் வழி சொன்னாள். சொந்தக்காரர் குரல் கூப்பிட்டால் யாரும் விடமாட்டார்களாம். தோரா தன் முகத்தையும் குரலையும் பதிந்து கொடுத்தாள். 'அப்பா, ஆரம்பிக்கலாமா? அப்படித்தான். கெட்டிக்காரர் நீங்க.'

அதன்பின் வால்டிமர் ஒருநாளும் தவறவில்லை. தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவார். மதிப்பெண் ஏறியது. சந்தோஷத்தில் தோரா போனில் அழுதாள். அப்பா தேறிவிட்டார் என்று நம்பி, பனிக்காலம் முழுக்க வேலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். நானும்தான் நம்பினேன்.

ஒரு மத்தியானம் மின்சாரம் போயிருந்தது. விறகு கொடுக்கப் போனேன். கறுத்துக் கிடந்த திரை முன்னால் வால்டிமர் பேசிக்கொண்டிருந்தார். காது கொடுத்துக் கேட்பார், தலையாட்டுவார், பதில் சொல்வார். தன் கம்பளியை எடுத்து அந்தத் திரைக்குப் போர்த்தியிருந்தார்.

"யாருகிட்ட பேசுற?"

"மெதுவா பேசுடா. தோரா குளிருதுங்கிறா."

விறகைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் போனில் சொன்னதும் தோரா லீவு போட்டு ஓடிவந்தாள். கதவைத் திறந்த தகப்பன் மரியாதையாக வழிவிட்டார். "உள்ள வாங்கம்மா. பூட்ஸைத் தட்டிட்டு வாங்க, என் மகளுக்கு வீடு ஈரமானா பிடிக்காது."

அவள் பூட்ஸைத் தட்டிவிட்டு என்னோடு உள்ளே வந்தாள். அவர் போய் மேசைமுன் உட்கார்ந்தார். திரையில் அவள் முகம் வந்ததும் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினார். "பாத்தீங்களா? இவளை மட்டும் மறக்கவே மாட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"மாமா, எனக்கு என் அப்பா வேணும்," என்றாள் தோரா என்னிடம். "அது அங்க இருக்கிற வரைக்கும் நான் அவருக்குத் தெரிய மாட்டேன்." கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து என் வீட்டில் வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை வால்டிமர் காலி மேசையைத் தடவிப் பார்த்தாராம். பிறகு வீட்டுச் செருப்போடு வாசலிறங்கி, உறைந்த ஏரிமேல் நடக்க ஆரம்பித்துவிட்டார். "தோரா, தோரா" என்று அவர் கூப்பிடுவது கேட்டு, பின்னால் ஓடிய தோராவோடு நானும் ஓடினேன். பனித்தூள் பறந்து கரையே தெரியவில்லை.

"அப்பா, நான்தான் தோரா. இதோ இருக்கேன்."

அவர் நின்று அவளை உற்றுப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. பார்த்த எனக்கே பயமாக இருந்தது. "நீங்க அந்தப் பக்கம் தேடுங்கம்மா. கோட்டுகூடப் போடாம போயிட்டா."

தோரா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வீட்டுப் பக்கமாகப் பின்வாங்கிப் போனாள். பனித்தூள் அவள் உருவத்தை மறைத்தது. அங்கிருந்து, அந்தப் பெட்டியில் பேசுகிற அதே இதமான குரலில் கூப்பிட்டாள். "அப்பா, நான் வீட்லதான் இருக்கேன். வாங்கப்பா."

வால்டிமரின் முகம் மலர்ந்தது. குரல் வந்த பக்கம் வேகமாக நடந்தார். வழியில் அழுதுகொண்டு நின்றவளைக் கண்டதும் பரிவோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுச்சா? வீட்லதான் இருக்காளாம். நீங்க ஏம்மா அழறீங்க, வாங்க. அவகிட்ட உங்களை அறிமுகப்படுத்தி வைக்கிறேன்."